ஃபேக்ஸ் கட்டத்தில் நீங்கள் எழுதி வைத்தது

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். பயப்படாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலையாகத்தான் போனேன். பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் அவர்களுடைய பழைய பதிவு புரோகிராமை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டுமாம். அதே கறுப்புத் திரை, அதே பச்சை எழுத்து, என்டரைத் தட்டினால் யோசித்து யோசித்து நகரும் அதே கோடு. என்னோடு திருச்சியிலிருந்து சுமதி என்று ஒரு பெண் வந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, படு கெட்டிக்காரி. நோயாளி விவரப் பக்கத்தைத் திறந்தாள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், போன், ஃபேக்ஸ். சிரித்துவிட்டாள்.

"சார், தா.பழூர்லேருந்து காய்ச்சலுக்கு வர்றவங்ககிட்ட ஃபேக்ஸ் நம்பர் கேட்டிருக்காங்க சார். அதையும் யாரோ மெனக்கெட்டு நிரப்பியிருக்காங்க. எல்லாம் மூணு இலக்கம். இந்தக் கட்டத்தைத் தூக்கிடலாமா?"

மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்துவிட்டாள் போல, "சார், டீ சொல்லவா?" என்று பதறினாள். எனக்கு நீங்கள் ஞாபகத்துக்கு வந்திருந்தீர்கள். கொண்டையில் செருகிய பென்சிலோடு, ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே மறு கையால் வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிடும் அந்தத் தோரணையோடு.

அன்றைக்கே எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாரம் கடத்திவிட்டேன். போட விலாசம் இல்லாத கடிதம்தானே என்று ஒரு சாக்கு இருக்கிறது. உங்கள் விஷயத்தில் எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு சாக்கு இருந்தது.

நான் அந்தச் சர்க்கரை ஆலைக்கு வேலைக்கு வந்தபோது, இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று ஊரே பயந்து, ஒன்றும் படுக்காமல், அந்தப் பயமும் மறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தேழு வயது. சிஸ்டம்ஸ் ஆபீசர் என்று பதவி. எனக்கு முன்னால் அப்படி ஒரு பதவியே அந்த ஆலையில் கிடையாது, அதனால் தலைகால் புரியவில்லை. ஒரு வருடம் சோதனைக் காலம், அதற்குள் கரும்புப் பிரிவின் பழைய டாஸ் புரோகிராமை ஒழித்துவிட்டு விண்டோஸில் புதிது எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம். நீங்கள் அதே பிரிவில் எட்டு வருடமாகத் தினக்கூலி டைப்பிஸ்ட். உங்களுக்கு நிரந்தரம் என்கிற பேச்சே இல்லை.

அந்தப் பிரிவின் உயிர் வெட்டு உத்தரவில் இருந்தது. உங்களுக்குத் தெரியாததில்லை, சுமதிக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் எழுதுகிறேன். ஆலைக்குப் பதிவு செய்த கரும்பை விவசாயி தன் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. நடவுத் தேதி வரிசைப்படி ஆலை சீட்டு அனுப்பும். வந்த மூன்று நாளுக்குள் வெட்டி ஏற்ற வேண்டும், தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். முந்தினால் சாறு ஏறியிருக்காது, பிந்தினால் கரும்பு பூத்துச் சக்கையாகிவிடும். ஒரு குடும்பத்தின் வருட உழைப்பு அந்தத் துண்டுக் காகிதத்தில் இருந்தது. அதை அச்சடித்து அனுப்புகிற பழைய புரோகிராமை எட்டு வருடம் ஓட்டியது நீங்கள் ஒருவர்தான்.

நான் என்ன செய்தேன்? அந்தப் புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். மூன்று மாதம். அதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நீங்கள் எப்படி வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கூட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. மேனேஜர், கரும்பு அலுவலர், களப்பணியாளர்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பழைய திரையைக் காட்டினேன். "இந்த ஜில்லாவுலேயே எத்தனை ஃபேக்ஸ் மிஷின் இருக்கும்? நம்ம கரும்புக்காரங்க பாதிப்பேர் வூட்ல இருக்காம் பாருங்க, எல்லாம் நாலு இலக்க நம்பர்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் சுவரோரம் நின்றிருந்த நீங்கள் ஓர் அடி முன்னால் வந்து, "சார், அது வந்து…" என்று ஆரம்பித்தீர்கள். "மேடம், நீங்க டைப் அடிக்கிறதை மட்டும் பாருங்க, டேட்டாவை நான் பாத்துக்கறேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நீங்கள் பழையபடி சுவரோரம் போய் நின்றுகொண்டீர்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், அன்றைக்கு நான் அடித்த தவளைச் சத்தத்துக்கு அளவே இல்லை.

அந்தக் கட்டத்தைத் தூக்கிவிட்டேன். அரவை தொடங்குகிற நாளில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மேனேஜர் கையால் முதல் சீட்டை எடுத்தோம். என் புரோகிராமில் முதல் பக்கத்திலேயே பச்சைப் பசேல் என்று கரும்புத் தோட்டப் படம் வேறு. சீட்டுகள் உங்கள் கைக்கு வராமலே நேராகப் போயின, இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. ரோட்டோரக் கரும்புக் கொல்லைகள் முதலில் வந்ததால் அப்படி என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் கொளஞ்சி வந்தார். குன்னம் தாண்டி ஒரு சின்ன ஊர்க்காரர், கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் கரும்பு. காலையில் ஆபீஸ் திறந்ததும் ஒரு கட்டு வாடிய கரும்பைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்து, என் புதுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பொத்தென்று போட்டார். நான் எழுந்தே விட்டேன்.

"வெட்டுன்னு சீட்டு வந்துச்சு, வெட்டிட்டேன். மூணு நாளாக் கெடக்குது. வண்டி எந்த வழியாப் போவும்? சொல்லுங்க! முன்கொல்லை செல்லமுத்து நிக்க வெச்சிருக்கான் கரும்ப. அவன் வெட்டினாத்தான எனக்கு வழி?"

"வழி இல்லன்னு தெரியுமில்ல? அப்புறம் ஏன் வெட்டுனீங்க?" என்று நான் கேட்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உங்களைப் பார்த்துத்தான் சொன்னார். "எட்டு வருஷமா எனக்குச் சீட்டு வந்தா, அதுக்கு முன்னயே செல்லமுத்து கொல்லை வெட்டியிருக்கும்மா. மில்லு கம்ப்யூட்டருக்கு வழி தெரியும்னுதான் நெனச்சிருந்தேன். இந்தத் தடவையும் காலைல வெட்டிடுவான்னு இருந்தேன். அவன்கிட்ட போயி நான் எப்புடிக் கேக்கறது? பங்காளி, பேச்சு வார்த்தை கெடையாது."

அப்போதுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். சத்தமில்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. செல்லமுத்தோட பதிவு நம்பர். கொளஞ்சி அண்ணன் பேருக்கு நேரா ஃபேக்ஸ் கட்டத்துல அதைத்தான் அடிச்சிருந்தேன். சீட்டு எடுக்கும்போது அந்தக் கட்டத்துல நம்பர் இருந்தா, அந்த நம்பர்க்காரங்க வெட்டி முடிக்கிற வரைக்கும் இவங்க சீட்டை நிறுத்தி வெப்பேன். நடவு நாலு நாள் முன்ன பின்ன இருக்கும், அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

நான் மூன்று மாதம் படித்த நிரலில் அது ஓர் எழுத்துகூட இல்லை. சீட்டைத் தனியே எடுத்து டிராயருக்குள் வைத்த உங்கள் கையில் இருந்தது.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போக அரை மணி நேரம் ஆகவில்லை. "பிள்ளையார் புடிக்கப் போயிக் குரங்காப் போச்சா?" என்று கத்தினார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தணிந்த குரலில் எனக்கு ஒரு வழி காட்டினார். "நாலு மணிக்குள்ள ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க. யார் தப்புன்னு பேர் இருக்கணும். ஃபேக்ஸ் கட்டத்துல கண்டதையும் அடிச்சது அந்தப் பொண்ணுதானே? தினக்கூலி ஆளு. உங்க கையெழுத்து ஒண்ணு இருந்தாப் போதும், நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடலாம். உங்க வேலைக்கும் பங்கம் வராது."

எழுதினேன், அக்கா. ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. "மேற்படி பணியாளர், எவருடைய அனுமதியும் இன்றி, ஃபேக்ஸ் எண்ணுக்குரிய இடத்தில் தொடர்பில்லாத எண்களை ஆறு ஆண்டுகளாகப் பதிவு செய்து வந்துள்ளார்" என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். தமிழ் டைப்ரைட்டர் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்தான், நீங்களும் கணக்குப் பிரிவுப் பெரியவரும். அவர் மேஜையில் வைக்கச் சொல்லி பியூனிடம் கொடுத்தேன். அவர் அன்றைக்கு லீவு. பியூன் அதை உங்கள் மேஜையில் வைத்துவிட்டான்.

மத்தியானம் நீங்களே கொண்டுவந்தீர்கள். மூன்று பிரதி, நடுவிலிருந்த கார்பனை உருவிவிட்டு, ஓரம் சமமாகத் தட்டி.

"சார், ஆறு வருஷம்னு எழுதியிருந்தீங்க. எட்டு வருஷமாச் செய்யறேன். மாத்தி அடிச்சிருக்கேன்" என்றீர்கள். "கையெழுத்துப் போடற எடத்துல பென்சில்ல புள்ளி வெச்சிருக்கேன், பாத்துக்குங்க."

அவ்வளவுதான். போய்விட்டீர்கள். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் கொதிக்கிறது. நீங்கள் அழுதிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். சண்டைக்கு வந்திருந்தால் நிச்சயமாகப் போட்டிருப்பேன். எட்டு என்கிற அந்த ஒரு வார்த்தையைத் தாண்டி என் பேனாவால் போக முடியவில்லை. நாலைந்து தடவை மூடியைத் திறந்து திறந்து மூடினேன். கடைசியில் மூன்று பிரதியையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

நீங்கள் பின்பக்கம் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சாப்பிடவில்லை.

"அக்கா, அந்த நம்பருக்கெல்லாம் என்ன அர்த்தம்னு எனக்கு ஒழுங்காச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். அதுவரை உங்களை நான் மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், அதுவும் கேலியாக.

என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "இருங்க தம்பி, ரெண்டு வாய் சாப்புட்டுக் கைய கழுவிட்டு வரேன்" என்றீர்கள். அதுவரை நான் உங்களுக்கு சார்.

பிறகு நீங்கள் சொன்னதையெல்லாம் எட்டு வருடத்தில் ஒருவராவது கேட்டிருந்தார்களா, அக்கா? பழைய புரோகிராமில் அந்த ஃபேக்ஸ் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் கத்தும், அடுத்த கட்டத்துக்குப் போகாது. ஆரம்பத்தில் பூஜ்யம் அடித்துக்கொண்டிருந்தீர்கள். "சும்மா ஜீரோ அடிக்கிறதுக்கு உருப்படியா ஒண்ணு அடிப்போமேன்னு தோணுச்சு" என்றீர்கள். பதிவுக்கு வருகிறவர்களிடம் நடவுத் தேதி கேட்கிற சாக்கில், "வண்டி எந்தப் பக்கமாண்ணே போவும்?" என்று ஒரு கேள்வி போட்டு வைப்பீர்களாம். அதைக் கேட்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டேன். சாதாரணமாகச் சொன்னீர்கள். உங்கள் அம்மா கரும்பு வெட்டப் போனவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நீங்களும் கூடப் போவீர்கள். வழியில்லாத கொல்லையில் வெட்டினால் கட்டைத் தலையில் வைத்து வரப்பு வரப்பாக ரோடு வரைக்கும் சுமக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி கிடையாது. "நில்லு நில்லுன்னு முன்கொல்லைக்காரன் கத்துவான். எங்கம்மா தலையில கட்டோட நிக்கும். எறக்கவும் முடியாது, நடக்கவும் முடியாது. அந்த வரப்பெல்லாம் எனக்கு மறக்குமா தம்பி?" என்றீர்கள்.

அதற்கப்புறம் நீங்கள் எழுந்த வேகம் இருக்கிறதே! செல்லமுத்துவின் வெட்டு உத்தரவை உள்ளே வந்ததும் அடித்தீர்கள், கரும்பு அலுவலரிடம் கையெழுத்து வாங்கினீர்கள், ஜீப்பில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தீர்கள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

செல்லமுத்து தன் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வருஷா வருஷம் எனக்குல்ல மொதல்ல வரும்? என்னடா இந்த வருஷம் மில்லு என்னைய மறந்துடுச்சேன்னு பாத்தேன்" என்றார். மறுநாள் காலையில் ஆளை விட்டு வரப்போரமாக வண்டி போகும் அகலத்துக்கு முதலில் வெட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். நீங்கள் கேட்டதற்காக. கொளஞ்சி பத்தடி தூரத்தில் நிற்கிறார், அவர் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. சமாதானமெல்லாம் ஆகவில்லை. ஜீப் டிரைவர், "ரெண்டு பேரையும் பேச வெச்சிடலாமேக்கா" என்று ஆரம்பித்ததும் நீங்கள் அதட்டியதுதான் அழகு. "அது நம்ம வேலை இல்ல. பேசாமலே ரெண்டு பேருக்கும் காரியம் நடக்கணும், அதுக்குத்தான் அந்த நம்பர்."

மறுநாள் வரை தாங்காது என்று வாடிக்கிடந்ததில் ஒரு பகுதியை அன்று சாயங்காலமே வெட்டு ஆட்கள் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நானும் ஒரு கட்டைத் தூக்கினேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே வேண்டியிருந்தது. வரப்பில் பாதி தூரம் போவதற்குள் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கரும்புச் சோகை, அந்தக் காய்ந்த தோகை, காதையும் கையையும் கிழித்தது. ஆபீஸ் ஷூ சேற்றில் போயே போய்விட்டது. ரோட்டில் நின்றுகொண்டு, "மெதுவா வாங்க ஆபீசர், உங்க புரோகிராம்ல இந்த வரப்புக்குப் படம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்களே, கூட இருந்த பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல வேளை, சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எனக்கு அழுகைதான் வந்துகொண்டிருந்தது.

கொளஞ்சிக்கு நஷ்டம்தான். காய்ந்த கரும்பு எடை நிற்காது. அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அடுத்த வருடமும் அவர் ஆலைக்குத்தான் பதிவு செய்தார் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அதுவும் உங்கள் முகத்துக்காக என்று எனக்குத் தெரியும்.

மேனேஜர் வைத்த நாலு மணிக் கெடு வயலிலேயே கடந்துவிட்டது; மறுநாள் வேறு ஒரு குறிப்பு எழுதினேன். "கட்டத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்காமல் நீக்கியது என் தவறு" என்று நாலு வரி. உங்களிடமே கொடுத்தேன். "இதையும் நானே அடிக்கணுமா?" என்றீர்கள். அடித்தீர்கள். இந்தத் தடவை பென்சில் புள்ளி இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, "எங்க போடணும்னு இப்ப உங்களுக்கே தெரியுமே" என்றீர்கள். மேனேஜர் படித்துவிட்டு என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சோதனைக் காலத்தை ஆறு மாதம் நீட்டினார். உங்கள் பெயரை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

பழைய மெஷினை எடைக்குப் போடாமல் ஸ்டோர் ரூமில் வைத்திருந்தது நம் அதிர்ஷ்டம். அதிலிருந்த நம்பர்களைப் புதியதற்குக் கொண்டுவந்தேன். ஆனால் அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களின் பதிவுகளெல்லாம் என்னுடைய அழகான புதுப் பக்கத்தில் செய்தவை, அதில் அந்தக் கட்டமே கிடையாது. அவற்றுக்கு உங்கள் மண்டையைத்தான் திறக்க வேண்டியிருந்தது. பதிவுப் பட்டியலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சொன்னீர்கள். "இவருக்கு ஓடைப் பக்கம் வழி உண்டு, விட்டுடுங்க. இவருக்கு முன்னாடி மக்காச்சோளம், அது தையிலதான் எடுப்பாங்க, அதுக்கு மேல சீட்டு குடுங்க." நான் அடித்தேன். அந்த மூன்று நாள் டைப்பிஸ்ட் நான்தான். மெதுவாக அடிக்கிறேன் என்று என்னைத் திட்டவும் செய்தீர்கள்.

கட்டத்துக்கு 'வழி' என்று பெயர் வைத்தேன். "ஃபேக்ஸ்னே விடுங்க தம்பி, கை பழகிடுச்சு" என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தீர்கள். அதில் நம்பர் இருந்தால் புரோகிராமே சீட்டை நிறுத்தி வைக்கும்படி எழுதிக் காட்டிய அன்றைக்கு, டிராயரைத் திறந்து காலியாக இருப்பதைப் பார்த்தீர்கள். கடைக்குச் சொல்லி எல்லாருக்கும் டீ வரவழைத்தீர்கள்.

ஒரு நாள் துணிந்து கேட்டேன், அந்தக் காகிதத்தை ஏன் அடித்துக் கொடுத்தீர்கள், என் மேல் கோபமே வரவில்லையா என்று. "வராம? அதை அடிக்கும்போது உங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. ஆனா என் டேபிள்லேருந்து தப்பா ஒரு காயிதம் போவாது. என்னைப் பத்தின காயிதமா இருந்தாலும்." இதைச் சொல்லிவிட்டு, "கட்டம் காலியா இருந்தா எடுத்துடுங்க தம்பி. நெறஞ்சிருந்தா கேட்டுட்டு எடுங்க" என்றீர்கள். எனக்கு அந்த ஆலை தந்த படிப்பு அந்த இரண்டு வரிதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடம் கழித்துத் திருச்சியில் இந்த வேலைக்கு இன்டர்வியூ வந்தபோது, கரும்பு வெட்டு வரிசையில் வழியைக் கணக்கில் எடுத்தது என் சொந்த யோசனை என்று சொன்னேன். ஆகா என்றார்கள். வேலை கிடைத்தது. நீங்கள் அங்கேயே இருந்தீர்கள், அதே நாற்காலி, அதே தினக்கூலி. போகிற அன்றைக்காவது, உங்களை நிரந்தரம் செய்யச் சொல்லி மேனேஜருக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நடந்திருக்குமோ என்னவோ, ஆனால் எழுதவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவர் நீங்கள். முறுக்குப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்து, "போயிட்டு வாங்க தம்பி, அங்கயும் யாராவது டைப்பிஸ்ட் இருப்பா, அவகிட்டப் பேசுங்க" என்று கத்தினீர்கள்.

ஒரு தடவை போன் செய்தீர்கள். "நம்ம கட்டம் வெச்சீங்களா புது ஊர்ல?" என்று கேட்டீர்கள். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயிற்றில் கட்டி என்று அப்போதே தெரிந்திருக்கிறது. நீங்கள் போய் மூன்று வாரம் கழித்து ஜீப் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்து உங்கள் வீட்டுக்காரர் முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறேன் வருகிறேன் என்று இன்னும் வரவில்லை. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன், அக்கா.

ஆஸ்பத்திரிக் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். சுமதியை இருக்கச் சொல்லிவிட்டு, பதிவு கவுன்டரில் இருந்த அம்மாவிடம் போனேன். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அம்மா, இந்த ஃபேக்ஸ் கட்டத்துல என்ன அடிக்கிறீங்க?" என்று கேட்டேன். திட்டப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். முகம் வெளிறிப்போனது. எனக்குத் தெரிந்த முகம் அது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அது அவங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு. நானூத்திப் பத்துன்னா நாலு பத்து. தா.பழூர் தாண்டி உள்ள போற ஊருங்க, அதை விட்டுட்டா கைப்புள்ளையோட பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கணும். அதான் அந்த நம்பரைப் பாத்து அவங்களை டாக்டர்கிட்ட முன்னாடி அனுப்புவேன்."

நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. நன்றி என்று இரண்டு மூன்று தடவை சொன்னதாகச் சுமதி சொல்கிறாள். அவருக்குச் சொன்னேனா உங்களுக்குச் சொன்னேனா தெரியாது. உங்களிடம் நேரில் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அன்றைக்குச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்ட அந்த மூன்று பிரதியில் ஒன்று இன்னும் என் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைச் சுமதியிடம் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"இதுல தப்பு யாரோடது சார்? அந்தம்மாவோடதா?" என்று கேட்டாள்.

"கீழ பாரு" என்றேன்.

அங்கே என் பெயரும் பதவியும் இருக்கின்றன, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் நீங்கள் அடித்தது. அதற்கு மேலே காலி இடத்தில் உங்கள் பென்சில் புள்ளி இருக்கிறது. மங்கியிருக்கிறது, ஆனால் தெரிகிறது, அக்கா.